மரச்சிற்பம் திரையில் ஏன் பிளாஸ்டிக் போலத் தெரிகிறது?

கேள்வி | பிப்ரவரி 3, இரவு 8:15

உளியால் செதுக்கியது போன்ற மர யானை ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். உருவம் ஓரளவு வந்துவிட்டது. மர டெக்ஸ்சர் (பரப்பின் நிறமும் ரேகையும்) போட்டதும் பிளாஸ்டிக் பொம்மைமேல் மரத்தாள் ஒட்டியது போல ஆகிவிடுகிறது. ரஃப்னஸைக் (பரப்பின் சொரசொரப்பு) கூட்டினால் களிமண், குறைத்தால் சோப்புக்கட்டி. சரியான எண்களை யாராவது சொன்னால் போதும். செதுக்கும்போது எந்த மேட்கேப் (உருவத்துக்குப் பூசும் ஆயத்தத் தோற்றம்) நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் | பிப்ரவரி 3, இரவு 9:50

எண்களா? இந்தாருங்கள்: மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.6, ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.5. மரம் உலோகமல்ல. நேர் எதிரே விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் அதன் மேற்பரப்பு கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான்! அதனால்தான் இந்த எண்களால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது என்கிறேன். மரத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துக் காட்டுவது இந்த மூன்றும் அல்ல.

முதலில் ஒன்று சொல்லுங்கள். மர நிறத்தைப் போட்டுக்கொண்டேதான் செதுக்குகிறீர்களா? அப்படியானால் இப்போதே எடுத்துவிடுங்கள். சாம்பல் நிறம், பளபளப்பே இல்லாத மெட்டீரியல். வியூபோர்ட்டில் (வேலை செய்யும் காட்சிச் சாளரம்) பள்ளங்களை அழுத்திக் காட்டும் கேவிட்டியை இயக்கிவிடுங்கள், உளித்தடங்கள் பளிச்சென்று தெரியும்.

பிப்ரவரி 3, இரவு 10:30

மேட்கேப் பற்றிக் கேட்டதை மறந்துவிட்டேன்.

மேட்கேப் ஒளியே அல்ல, ஓர் உருண்டையின் படம். உங்கள் சிற்பத்தின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவைப் பொறுத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ, உருண்டையில் அதே பக்கம் பார்க்கும் இடத்தின் நிறத்தை எடுத்துப் பூசிவிடுகிறது, அவ்வளவுதான். விரைவாக ஓடும், கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் ஆழமான பள்ளத்தின் தரையும் மேட்டின் உச்சியும் ஒரே பக்கம் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம். ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாது. யானையின் காதுமடல் கழுத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று மேட்கேப்பிடம் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

உருவத்தைத் திரட்டும் நாட்களில் மேட்கேப் போதும். உளித்தடம் போடத் தொடங்கியபின் போதாது.

பிப்ரவரி 4, காலை 7:20

"நிறத்தைப் போட்டுக்கொண்டு செதுக்கினால் என்ன கெட்டுப்போயிற்று, அதுதானே உற்சாகம் தருகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்ன கெட்டுப்போயிற்று என்று சொல்கிறேன்.

நானும் ஒரு யானை செய்தேன். (இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் யானையில்தான் தொடங்குகிறோம் போலிருக்கிறது.) மூன்று வாரம். முதல் நாளே கரும்பழுப்பு மரம், கோடு கோடாக ரேகை, மேலே மெழுகு பூசிய பளபளப்பு. திரையில் பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பிறகு அதை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் நிறம் போகாது, உருவம் மட்டுமே போகும். வந்தது வெறும் சாம்பல் நிற யானை. மேசையில் வைத்து ஜன்னலோரம் திருப்பினேன். விலாப்பகுதி முழுவதும் மேடு பள்ளம், கொசு கடித்த கை போல. ஒரு கன்னம் உப்பியிருந்தது, மற்றொன்று ஒட்டியிருந்தது. நெற்றிக் குமிழ்கள் இரண்டும் வெவ்வேறு உயரம். இவ்வளவையும் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் தெரியவில்லை.

காரணம் எளிது. கண் வடிவத்தைப் படிப்பது ஒளி படிப்படியாக இருளாகும் விதத்தை வைத்து. அங்கே மர ரேகை என்ற இன்னொரு இருள்-வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கலந்தால், எது நிழல், எது ரேகை என்று மூளையால் பிரிக்க முடியாது. தன் தவறுகளையெல்லாம் "அது ரேகைதான்" என்று தள்ளிவிடும். கருமரமாக இருந்தால் இன்னும் மோசம். இருளில் படிகளே இல்லை, பளபளப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

மரத்தைப் பார்த்தால் யானை மறையும் என்று நம்மவர்கள் சொன்னது வேறு ஏதோ பெரிய விஷயத்துக்காக. எனக்கு அது சொல்லுக்குச் சொல் நடந்தது.

பிப்ரவரி 4, இரவு 11:05

நேற்று நான் சொன்ன ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேவிட்டியை இயக்கச் சொன்னேன் அல்லவா? அது தவறான யோசனை.

இன்று அலுவல் முடிந்து வந்து அந்தப் பழைய யானைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். கேவிட்டி இயக்கத்தில் இருந்தது. நிறுத்தினேன். தோல் சுருக்கங்களில் பாதி காணாமல் போயின! அவை இருந்த இடத்தில் நகத்தால் கீறியது போன்ற மெல்லிய கோடுகள். பள்ளத்தைக் கருப்பாகவும் விளிம்பை வெளுப்பாகவும் காட்டுவதுதான் கேவிட்டியின் வேலை. அது கருப்பாகக் காட்டியதும் "ஆழம் போதும்" என்று நான் உளியை எடுத்துவிட்டிருக்கிறேன். கண்ணில் மை தீட்டிவிட்டு விழி பெரிதாகிவிட்டது என்று நம்புவது போல.

எனவே செதுக்கும்போது கேவிட்டி வேண்டாம். செதுக்கி முடித்தபின் எங்காவது கோடு விட்டுப்போயிற்றா என்று தேடும்போது மட்டும் ஒரு நிமிடம் இயக்கிப் பார்க்கலாம்.

பிப்ரவரி 6, இரவு 10:10

சரி, ஒளி. இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மரச்சிற்பம் செய்கிறவர்கள் தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கில் வேலை செய்ய விரும்புவதில்லை. பக்கவாட்டில் ஒரு ஜன்னல், அல்லது தாழ்வாக ஒரு விளக்கு. ஒளி பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்போடு 45 பாகை சாய்வில் வரும் ஒளியில் 1 மில்லிமீட்டர் மேட்டின் நிழல் 1 மில்லிமீட்டர் நீளம். 10 பாகைக்கு இறக்கினால் அதே மேட்டின் நிழல் ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர். உளி விட்ட தடம் ஒவ்வொன்றும் தானாக எழுந்து நின்று பெயர் சொல்லும்.

பிளெண்டரில் நான் செய்வது: சாலிட் காட்சியில் (செதுக்கும்போது பயன்படும் எளிய காட்சி) மேட்கேப்புக்குப் பதில் ஸ்டுடியோ ஒளி. பிரிஃபரன்ஸில் லைட்ஸ் பகுதிக்குப் போனால் அந்த ஸ்டுடியோ ஒளியில் நான்கு விளக்குகள் இருக்கும். மூன்றை அணைத்துவிடுங்கள். மிஞ்சியதை இடப்பக்கம் ஓரமாக, கொஞ்சம் மேலே இழுத்து வையுங்கள். அதன் ஸ்பெகுலர் (பளபளப்பு) நிறத்தைக் கருப்பாக்குங்கள். சுற்றொளியை அடியோடு அணைக்க வேண்டாம், நிழல்பக்கம் தார் பூசியது போலாகிவிடும். அந்த அமைப்பைத் தனிப்பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முக்கியம். வேர்ல்ட் ஸ்பேஸ் லைட்டிங் என்று உருண்டை வடிவப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தாவிட்டால் விளக்கு உங்கள் தலையில் கட்டியது போலக் கேமராவோடு கூடவே வரும். அழுத்தினால் விளக்கு அறையில் நிற்கும், நீங்கள் சிற்பத்தைச் சுற்றி நடப்பீர்கள். கோணத்தை மாற்றுவதற்கு ரொட்டேஷன் அளவும் அங்கேயே இருக்கிறது. செதுக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை விளக்கை நான் கால்வட்டம் திருப்பிவிடுவேன். ஒரே ஒளியில் நெடுநேரம் வேலை செய்தால், அந்த ஒளிக்கு மட்டும் அழகாகத் தெரியும்படி செதுக்கத் தொடங்கிவிடுகிறோம். அரை மணி எனக்குச் சரிப்படுகிறது. உங்களுக்குப் பத்து நிமிடமாகவும் இருக்கலாம்.

இதிலும் விழுநிழல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நாள் முடிவில் ஒரே ஒரு சன் விளக்கை 15 பாகை சாய்வில் வைத்து, ரெண்டர் காட்சியில் (ஒளியையும் நிழலையும் முழுதாகக் கணக்கிடும் காட்சி) ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காது, தந்தம், கால்களுக்கு நடுவே உள்ள வெளி, எல்லாம் அதில்தான் தெரியும்.

பிப்ரவரி 6, இரவு 10:25

விளக்கை இடப்பக்கம் "கொஞ்சம் மேலே" என்றதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கவனமில்லாமல் கீழே வைத்துவிட்டு, புடைப்புச் சிற்பப் பலகை ஒன்றில் வேலை செய்தேன். காது உள்ளே குழிந்திருப்பதாகத் தோன்றியது. இன்ஃபிளேட் தூரிகையால் ஊதினேன். இன்னும் குழிந்தது! மேலும் ஊதினேன். விளக்கை மேலே கொண்டுபோனபின் பார்த்தால் யானைக்குக் காது இல்லை, காது இருந்த இடத்தில் பூசணிக்காய் இருந்தது.

ஒளி மேலிருந்துதான் வரும் என்பது மூளையின் பிடிவாதம். தொலைநோக்கியின் தலைகீழ் பிம்பத்தில் குழி மேடாகத் தெரிவதற்கு ஒளியின் திசையைப் பற்றிய இந்த எண்ணமே காரணம் என்று 1786-லேயே டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியலாளர் எழுதிவைத்திருக்கிறார். எனக்குத்தான் செய்தி தாமதமாக வந்தது.

பிப்ரவரி 9, மாலை 6:40

இசட்பிரஷ் என்ற இன்னொரு செதுக்கும் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு: அங்கேயும் இதே கதைதான். பழக்கமான அந்தச் சிவப்பு மெழுகு ஒரு மேட்கேப். லைட் தட்டில் விளக்கை எவ்வளவு நகர்த்தினாலும் அது அசைந்து கொடுக்காது. ஸ்கின்ஷேட்4 அல்லது பேசிக் மெட்டீரியலுக்கு மாறி, வெள்ளை நிறம் வைத்து, பிறகு விளக்கை ஓரத்துக்கு இழுங்கள். சிவப்பு மெழுகில் சிங்கமாகத் தெரிந்தது வெள்ளையில் பூனையாகத் தெரியும். அதிர்ச்சி அடைய வேண்டாம், அது பூனையேதான்.

நோமட் என்ற செதுக்கும் செயலியில் மேட்கேப், பிபிஆர் (உண்மை ஒளியைப் போலக் கணக்கிடும் முறை) என்று இரண்டும் உண்டு. பிபிஆருக்குப் போய், சுற்றுப்புற ஒளியைக் குறைத்து, திசை விளக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12, இரவு 9:30

இப்போதுதான் "மரத்தாள் ஒட்டியது போல" என்ற உங்கள் பழைய புகாருக்கு வருகிறேன். ஒன்பது நாள் சுற்றிவிட்டேன், மன்னிக்கவும்.

மரத்தாள் ஒட்டியது போலத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் உண்மையிலேயே மரத்தாள்தான் ஒட்டியிருக்கிறீர்கள். பலகையின் புகைப்படத்தை யுவி (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) வழியாக யானைமேல் சுற்றியிருக்கிறீர்கள். ரேகை விலாவில் வளைந்து, முதுகில் வளைந்து, துதிக்கையில் பாம்பு போலச் சுற்றிப் போகிறது. எந்த மரம் அப்படி வளரும்?

மரத்துக்குள் ரேகை ஏற்கெனவே இருக்கிறது. உளி அதைத் திறந்து காட்டுகிறது. ஆண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டையில் ஒரு மேட்டைச் செதுக்கினால், மேட்டின் உச்சியைச் சுற்றி ரேகை நீள்வட்டங்களாக, மலையின் சமவுயரக் கோடுகள் போல வரும். மரப்பொம்மையின் கன்னத்திலும் வயிற்றிலும் அந்த வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையின் குறுக்கே வெட்டிய இடங்களில், அதாவது நெற்றியிலோ பிட்டத்திலோ, வளையங்கள் நேரடியாகத் தெரியும். இதைப் புகைப்படத்தால் ஏமாற்றவே முடியாது.

வழி: திட டெக்ஸ்சர். கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லினின் 1985 கட்டுரையிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய யோசனை. டெக்ஸ்சரைப் பரப்பின்மேல் போடாமல் வெளி முழுவதும் நிரப்பிவிட்டு, சிற்பம் அதை எங்கே வெட்டுகிறதோ அங்கே தெரியும் நிறத்தை எடுத்துக்கொள்வது. பிளெண்டரில் டெக்ஸ்சர் கோஆர்டினேட்டில் (டெக்ஸ்சர் பின்பற்றும் ஆயங்கள்) ஜெனரேட்டட், அதை நாய்ஸ் (ஒழுங்கற்ற வடிவம்) கொண்டு லேசாகக் கலைத்து, வேவ் டெக்ஸ்சரில் ரிங்ஸ் (வளையங்கள்). இன்னொரு நாய்ஸை மர அச்சின் வழியே இருபது மடங்கு நீட்டினால் நார் கிடைக்கும். யுவி தேவையே இல்லை. ரீமெஷ் (உருவத்தின் வலையை மறுபடி பின்னுவது) எத்தனை முறை செய்தாலும் ரேகை அழியாது.

பிப்ரவரி 12, இரவு 11:50

ஜெனரேட்டட் அல்ல, ஆப்ஜெக்ட். ஜெனரேட்டட் உருவத்தை ஒரு பெட்டிக்குள் அடக்கி, மூன்று பக்கமும் 0 முதல் 1 வரை என்று சமப்படுத்திவிடும். யானை கனசதுரம் அல்லவே. வளையமெல்லாம் நசுங்கி முட்டையாகிவிடும். நான் என் கோப்பில் சரியாகச் செய்துவிட்டு இங்கே தவறாக எழுதியிருக்கிறேன்.

ஆப்ஜெக்டில் இன்னொரு வசதி. ஓர் எம்ப்டியை (ரெண்டரில் தெரியாத வெறும் குறிப்புப் பொருள்) வைத்து அதன் ஆயங்களைக் கொடுத்தால், மரத்தின் நடுத்தண்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை எம்ப்டியை நகர்த்தியே முடிவு செய்யலாம். நடுத்தண்டு சிற்பத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே விழுந்தால் நெற்றியில் துப்பாக்கிக் குறிப்பலகை போல வட்டம் வரும். எனக்கு வந்தது.

பிப்ரவரி 15, காலை 8:00

இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. "மர நிறத்தை எடுத்துவிடுங்கள், கடைசியில் போடுங்கள்" என்று அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமோ?

திட டெக்ஸ்சரைப் போட்டுப் பார்த்ததும் என் புதிய யானையில் ஒன்று கண்ணில் பட்டது. துதிக்கை முன்னோக்கி நீண்டிருக்கிறது. மரநார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதாவது துதிக்கையை நார் குறுக்கே வெட்டுகிறது. உண்மையான கட்டையில் இப்படிச் செதுக்கினால் கை பட்டதும் ஒடிந்துவிடும். தச்சர் எவரும் அப்படிச் செய்யமாட்டார். துதிக்கையைக் கீழே இறக்கி மார்போடு ஒட்டவைப்பார், இல்லையென்றால் தனித்துண்டாகச் செய்து பொருத்துவார். பழைய மரச்சிற்பங்களில் கைகள் உடம்போடு ஒட்டியிருப்பதிலும் கால்கள் தடித்திருப்பதிலும் மரத்தின் பங்கு இருக்கிறது. சிற்பிக்கு அது ரசனை மட்டுமாக இருந்திருக்காது.

நான் சாம்பலிலேயே செதுக்கிக்கொண்டிருந்ததால் களிமண் யானை ஒன்றைச் செய்துவிட்டு அதற்கு மரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். "பிளாஸ்டிக் போல" என்ற உணர்வில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே திருத்தம். முதல் நாள், உருவம் வெறும் திரளாக இருக்கும்போதே, மரத்தைப் போட்டு நார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். பிறகு எடுத்துவிடுங்கள். உளித்தடம் போடுவதற்கு முன் இன்னொருமுறை போட்டுப் பாருங்கள், ஏனென்றால் உளியும் நாரின் போக்கை அனுசரித்துத்தான் போகும். எதிர்த்துப் போனால் சிராய் பெயரும். மீதி நேரமெல்லாம் சாம்பல். முன்பு சொன்னதைக் கைவிடவில்லை, கொஞ்சம் தளர்த்துகிறேன். கைவிட்டது கேவிட்டியை மட்டும்தான்.

பிப்ரவரி 15, காலை 8:20

துதிக்கையை போஸ் தூரிகையால் கீழே வளைத்தேன். ரேகை அதோடு வளையாமல் நேராகவே நின்றது. முதலில் பிழை என்று நினைத்துவிட்டேன். கட்டை அசையவில்லை, நான்தான் வேறிடத்தில் வெட்டியிருக்கிறேன். சரியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 19, இரவு 10:45

பளபளப்பு பற்றி மேலும் இருவர் கேட்டிருப்பதால்.

ரஃப்னஸ் 0.6 என்று ஒரே எண்ணை உடம்பு முழுவதும் வைப்பதுதான் சோப்புக்கட்டி. கை படும் இடங்கள், அதாவது முதுகு, நெற்றி, காது விளிம்பு, தேய்ந்து 0.4 வரை இறங்கட்டும். பள்ளங்கள் 0.75. குறுக்கு வெட்டான இடங்கள் மெருகெண்ணெயை அதிகம் உறிஞ்சும், அதனால் கருமையாகவும் மங்கலாகவும் இருக்கும். நார்மலுக்கும் (பரப்பு பார்க்கும் திசை) மர அச்சுக்கும் டாட் புராடக்ட் (இரண்டு திசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) எடுத்து, அதன் தனிமதிப்பைக் கொண்டு நிறத்தையும் ரஃப்னஸையும் மாற்றினால் இது தானாக வந்துவிடும். ஆயிரம் புகைப்பட டெக்ஸ்சர் செய்யாததை இந்த ஒரு கணக்கு செய்கிறது என்பது என் கட்சி.

வார்னிஷ் பூசிய மரம் வேண்டுமென்றால் அடித்தளத்தின் ரஃப்னஸைக் குறைக்காதீர்கள். கோட் என்ற தனி அடுக்கு இருக்கிறது. மரம் மங்கலாகவே இருக்க, அதன்மேல் தெளிவான படலம் மின்ன வேண்டும்.

மெருகேற்றிய மரத்தைக் கையில் வைத்துத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு மினுமினுப்பு நகருமே, அது இன்னொரு விஷயம். பரப்புக்குக் கீழே இருக்கும் நார்கள் ஒளியைத் திருப்புவதால் வருவது. மார்ஷ்னரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் இதை அளந்து மாதிரியாக்கி சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்டார்கள். மேற்பரப்பின் மின்னல் ஓரிடத்திலும் நாரின் மின்னல் வேறிடத்திலும் விழும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் அனிசோட்ராபிக் அளவை (மின்னல் ஒரு திசையில் நீளும் அளவு) 0.5 வைத்து டேன்ஜென்ட்டை (அந்தத் திசையை) மர அச்சோடு சேர்த்தால் அதன் தூரத்து உறவு ஒன்று கிடைக்கும். உண்மையான அந்த மினுமினுப்பு கிடைக்காது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டுச் சொல்கிறேன்.

எண்களைவிட விளிம்புகளைக் கவனியுங்கள். அரைவட்ட உளியின் இரண்டு தடங்கள் சந்திக்கும் முகடு கூர்மையாக இருக்க வேண்டும். ஸ்மூத் தூரிகையால் அதைத் தடவித் தடவி மழுக்கிவிட்டால் அச்சில் வார்த்த பொருளாகிவிடும். நான் ஸ்கிரேப் தூரிகையை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்மூத்தைத் தொடாமல் கடைசி நாளை முடிப்பேன். விரல் தானாக ஷிஃப்ட் பொத்தானுக்குப் போகும். அடக்க வேண்டும்.

பிப்ரவரி 20, காலை 7:05

"ரெண்டரில் பழுப்பு வெளிறிப்போகிறது" என்றவருக்கு: பிளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ரெண்டரின் நிறங்களைத் திரைக்கு மாற்றும் முறை) இயல்பாகவே ஏஜிஎக்ஸ். பிரகாசமான நிறங்களின் செறிவை அது குறைக்கும். ஸ்டாண்டர்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மெட்டீரியலைத் திட்டுங்கள்.

மார்ச் 2, இரவு 9:15

படத்தை அனுப்பியதற்கு நன்றி. பிளாஸ்டிக் போய்விட்டது. வயிற்றில் ரேகை வட்டமாக விரிவது நன்றாக இருக்கிறது. உங்கள் யானை என் யானையைவிட நன்றாக வந்திருப்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு குறை. இடது விலாவில், பின்னங்காலுக்கு முன்னால், ஒரு மேடு இருக்கிறது. விளக்கை வலப்பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும். அடுத்தது தந்தங்கள். அவை தனி ஆப்ஜெக்ட், ஆனால் உடம்பின் எம்ப்டியையே பயன்படுத்துகின்றன. அதனால் உடம்பின் ரேகை தந்தத்துக்குள்ளும் குறுக்கே ஓடுகிறது. தனியே செதுக்கிச் செருகிய துண்டுக்கு நார் நீளவாக்கில் ஓட வேண்டும். தந்தங்களுக்கு வேறொரு எம்ப்டி வைத்து அதைச் சாய்த்துவிடுங்கள்.

மார்ச் 2, இரவு 9:40

மேடு இடது விலாவில் அல்ல, வலது விலாவில். படத்தைப் பார்த்துச் சொன்னதில் இடம் வலம் மாறிவிட்டது. விளக்கை இடப்பக்கம் வையுங்கள்.